பதினேழு ஒன்றுகளும் ஒரு மிச்சமும்

கணித ஆசிரியர் மன்றத்தின் பொன்விழா மலர் என் மேசைமேல் கிடக்கிறது. வந்து ஒரு வாரமாகியும் அச்சு மையின் வாடை போகவில்லை. வினாத்தாள் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுப்பாயே, அதே வாடை. உன்னை நினைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் முதலில் புரட்டினேன். 'பழைய மலர்களிலிருந்து' என்று ஒரு பகுதி. அதில் அந்தக் கட்டுரையை ஓர் எழுத்து மாற்றாமல் மறுபடியும் போட்டிருக்கிறார்கள். 'ஓர் ஆசிரியையின் சுவையான பிழை.' கீழே உன் பெயர்.

குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டேன். சுவையாம். யாருக்குச் சுவை? செய்யாத பிழையை உன் தலையில் ஒருமுறை கட்டினார்கள். நீ மண்ணுக்குள் போன பிறகும் அதைத் தூசு தட்டி எடுத்து, பூப்போட்ட கட்டம் கட்டி, இன்னொருமுறை கட்டியிருக்கிறார்கள். கோபப்படக் கூடாது என்று எனக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுக்கிற டாக்டர் சொல்கிறார். அவர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

நீ இருந்தால், "ஏளா, விடு. பேப்பர்தான" என்றிருப்பாய். நீ விட்டாய். நான் விடவில்லை. இன்றைக்கும் விடுவதாக இல்லை.

எல்லாம் உன் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் ஒரு பெண் கேட்ட கேள்வியில் தொடங்கியது. ஒன்று ஒன்றாகவே எழுதிக்கொண்டு போனால் எதெல்லாம் பகா எண் என்று கேட்டாள். பதினொன்று பகா எண். நூற்றுப் பதினொன்றை மூன்றால் வகுக்கலாம். ஆயிரத்து நூற்றுப் பதினொன்றைப் பதினொன்றால் வகுக்கலாம். அதற்கு மேல்? வேறு யாராக இருந்தாலும் 'பாடத்தைப் பார்' என்று உட்கார வைத்திருப்பார்கள். நீ அந்தக் கேள்வியைச் சாப்பாட்டு மணிக்கு ஆசிரியர் அறைக்கு, என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாய். எத்தனை ஒன்றுகள் என்ற எண்ணிக்கை காரணிகளாக உடையுமானால் அந்த எண்ணும் உடையும். ஆறு ஒன்றுகளை இரண்டு ஒன்றுகளாலும் வகுக்கலாம், மூன்று ஒன்றுகளாலும் வகுக்கலாம். ஆகவே எண்ணிக்கை பகா எண்ணாக இருக்கிற இடங்களில்தான் சந்தேகம். ஐந்து ஒன்றுகளை நாற்பத்தொன்றால் உடைத்தாய். ஏழு ஒன்றுகளை இருநூற்று முப்பத்தொன்பதால் உடைத்தாய். பதினொன்றும் பதின்மூன்றும்கூட உன் கையில் உடைந்தன. பதினேழில் வந்து நின்றுவிட்டாய்.

பதினேழு ஒன்றுகள். பதினோராயிரம் லட்சம் கோடியைத் தாண்டிய எண். அதற்குப் பகா எண் ஒன்று காரணியாக இருந்தால், அந்தக் காரணியைப் பதினேழால் வகுக்கும்போது மிச்சம் ஒன்று வந்தே ஆக வேண்டும் என்று கண்டுபிடித்து, அப்படிப்பட்ட எண்களை மட்டும் வரிசையாக எடுத்து வகுத்துக்கொண்டே போனாய். ஒன்றும் பிடி கொடுக்கவில்லை. உடைகிற எண்ணா, உடையாத எண்ணா என்று தெரியாமல் சோறு இறங்காதவளை நான் அப்போதுதான் பார்த்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டில் கணக்கு என்றால் உத்தியோகத்துக்குப் படிக்கிற பாடம். உனக்கு அது பசி.

பிறகு ஒருநாள் எம்.ஏ. படித்த காலத்துப் புத்தகத்தோடு வந்தாய். "ஏளா, உடைச்சுப் பாக்காமலே உடையுமான்னு சொல்ல ஒரு வழி இருக்கு" என்றாய். கரும்பலகையில் ஏழு என்று எழுதினாய். ஏழு பகா எண். அதில் ஒன்று குறைத்தால் ஆறு. இரண்டை ஆறு தடவை போட்டுப் பெருக்கினால் அறுபத்து நான்கு. அதை ஏழால் வகுத்தால் மிச்சம் ஒன்று. எந்தப் பகா எண்ணுக்கும் இரண்டை இப்படிப் பெருக்கினால் மிச்சம் ஒன்றுதான் வரும். இரண்டு மட்டும் அதற்கு விலக்கு. அடுத்து ஒன்பதை எழுதினாய். ஒன்று குறைத்தால் எட்டு. எட்டு இரண்டுகளின் பெருக்கம் இருநூற்று ஐம்பத்தாறு. ஒன்பதால் வகுத்தால் மிச்சம் நான்கு. "ஒண்ணு வரல. அதனால ஒன்பது பகா எண் இல்ல. மூணைப் பத்தி நான் பேசவே இல்ல பாத்தியா?"

பார்த்தேன். மிச்சம் ஒன்று வராவிட்டால் அது பகு எண் என்று சத்தியம் செய்யலாம். மிச்சம் ஒன்று வந்துவிட்டாலோ பகா எண் என்று சொல்லிவிட முடியாது; சில பகு எண்களும் அப்படி ஏமாற்றும். ஒருவழிப் பாதை. இந்த ஒரு சங்கதியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பின்னால் நடந்த அநியாயம் முழுவதும் விளங்கிவிடும்.

பதினேழு ஒன்றுகளுக்கு இதைச் செய்ய ஐம்பது தடவைக்கு மேல் வர்க்கம் காண வேண்டும். ஒவ்வொன்றும் பதினேழு இலக்க எண்ணின் வர்க்கம். நான் தலையில் கை வைத்தேன். நீ சிரித்தாய். உன் அப்பா முத்துத் தரகர். முத்தின் விலை எடையோடு ஏறாது, எடையின் வர்க்கத்தோடு ஏறும். எடை இரண்டு மடங்கானால் விலை நான்கு மடங்கு. அதனால் உங்கள் வீட்டில் பிள்ளைகள் வாய்ப்பாட்டுக்குப் பதில் வர்க்கம் சொல்லி வளர்ந்தீர்கள். முத்துக்குளிப்பு நின்று, அப்பாவின் தொழில் போய்ச் சில வருஷங்கள் ஆகியும் உன் வாயிலிருந்து மூன்று இலக்க வர்க்கம் சொடக்குப் போடுகிற நேரத்தில் வரும்.

அதைவிடப் பெரியது நீ கண்டுபிடித்த குறுக்குவழி. வர்க்கம் கண்டால் முப்பத்து நான்கு இலக்கம் வரை போகும். அதைப் பதினேழு ஒன்றுகளால் வகுத்து மிச்சம் காண்பது நரகம். நீ வகுக்கவே இல்லை. பதினேழாவது இலக்கத்தில் வெட்டி, இடது பாதியை வலது பாதிக்குக் கீழே எழுதிக் கூட்டினாய். அவ்வளவுதான். ஒன்றுகளால் ஆன எண் என்பதால் அப்படிக் கூட்டினாலே மிச்சம் மாறாது. சேலையை மடிக்கிற மாதிரி எண்ணை மடித்தாய். இதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செடுக்கிறது. இப்படி ஒரு மூளையைத்தான் 'கைதவறிப்போச்சு' என்று எழுதினார்கள்.

ஈஸ்டருக்கு முந்திய அந்தத் தவக்காலத்தில் தொடங்கினோம். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து உங்கள் கடற்கரைத் தெருவுக்கு வந்துவிடுவேன். தோணி கம்பெனியில் வேலை பார்த்த உன் அண்ணாச்சி வீணாய்ப்போன தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார். "ஒரு நம்பருக்கு இம்புட்டுப் பேப்பரா? சரக்கு ஏத்துற தோணிக்குக்கூட இம்புட்டு ஆகாதே" என்பார். கச்சான் காற்றில் தாள் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு சங்கு. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஒரே வர்க்கத்தைத் தனித்தனியாகக் காண்போம். பிறகு நீ இலக்கம் இலக்கமாக வாசிப்பாய், நான் சரிபார்ப்பேன். ஒத்துப்போகாவிட்டால் இருவருமே அழித்துவிட்டு முதலிலிருந்து. யாருடையது சரி என்று தேடக் கூடாது என்பது உன் சட்டம். தேடினால் ஒருவர் மற்றவருக்கு வளைந்துகொடுத்துவிடுவோமாம்.

இலக்கங்களைக் கூட்டி ஒன்பதைத் தள்ளிப் பார்க்கும் சோதனையும் வைத்திருந்தோம். ஒருநாள் எழுபத்து நான்கை நாற்பத்தேழு என்று எழுதிவிட்டேன். ஒன்பதின் சோதனையில் அது தப்பிவிட்டது. நீ கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வீட்டுல புளியோதரை சாப்பிட்டுட்டு வந்து தூங்குதியா? இனி பதினொண்ணையும் தள்ளிப் பாக்கணும்" என்றாய். அன்று முதல் மடிப்பதற்கு முன்னால் பதினொன்றின் சோதனையும் சேர்ந்துகொண்டது. எத்தனை காவல்! கைதவறுவதற்கு அங்கே இடமே இல்லை. எனக்குத் தெரியும், நான் அங்கே இருந்தேன்.

மாதா கோயில் கொடியேற்றுக்கு முந்திய சனிக்கிழமை கடைசி மிச்சம் வந்தது. ஒன்று அல்ல. நீளமான, எந்த ஒழுங்கும் இல்லாத ஓர் எண். நீ துள்ளவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு, "இது உடையும் ஏளா. எதால உடையும்னு எனக்குத் தெரியாது. ஆனா உடையும்" என்றாய். உன் அம்மா கொண்டுவந்த டீயைக் குடிக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அதை நீ வாசித்தாய். தலைமை ஒரு கல்லூரிப் பேராசிரியர். பெயர் எழுத மாட்டேன். மலர்க்காரர்கள் அவர் பெயரைப் போதுமான அளவு எழுதியிருக்கிறார்கள். நீ பேசி முடித்ததும் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. காரணி எங்க? காட்டுங்க பாப்போம்."

"காரணி இன்னும் தெரியாதுங்கையா. பகு எண்ணுன்னு மட்டும் தெரியும்."

"இதென்ன சிப்பி ஏலமா? உள்ள இருக்கதைப் பாக்காமலே வெல சொல்ல?"

கூடமே சிரித்தது. கரையில் குவித்த சிப்பியைத் திறக்காமல் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவதைப் பார்த்து வளர்ந்த ஊர் அல்லவா. யார் மகளிடம் அதைச் சொல்கிறார் என்றும் அவருக்குத் தெரியும். நீ குரல் உயர்த்தவில்லை.

"சிப்பிக்குள்ள முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இது அப்படி இல்லங்கையா. மிச்சம் ஒண்ணு வரல. அதுக்கு மேல சந்தேகமே கிடையாது."

அப்போது அவர் எழுந்து சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். எதற்கு இரண்டை வைத்து இத்தனை பாடு, பத்தை எடுத்தால் இரண்டே வரி என்றார். பதினேழு பத்துகளைப் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் மிச்சம் ஒன்று. அந்த எண்ணில் ஒன்று குறைத்தால் வருவது பதினேழால் மீதமின்றி வகுபடும். ஆகவே கடைசி மிச்சமும் ஒன்று. அதுவரை சரி. அதற்குப் பிறகுதான் சொன்னார்: "மிச்சம் ஒண்ணு. ஆகவே இது பகா எண். அம்மா அவ்வளவு நீளக் கணக்குல எங்கயோ கைதவறிட்டாங்க. மனுஷங்கதான, பரவாயில்ல."

கைதட்டினார்கள். ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனவருக்குக் கைதட்டினார்கள். கணக்கு வாத்தியார்கள், நூறு பேருக்குக் குறையாது.

நீ சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "ஐயா, பத்தை ஒன்பதால வகுத்தா மிச்சம் ஒண்ணு. எத்தன பத்தைப் பெருக்கினாலும் ஒண்ணுதான். அப்போ ஒன்பது பகா எண்ணா? ஒன்பதும் இந்தப் பதினேழு ஒண்ணும் பத்துக்குச் சொந்தக்காரங்க. சொந்தக்காரன் சாட்சி எடுபடாதுங்கையா."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற பதில். அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா என்று யாரிடமாவது சொன்னால் நான் கதை கட்டுகிறேன் என்பார்கள். "ஒன்பது சின்ன எண்மா. சின்ன எண்ண வச்சுப் பெரிய எண்ணப் பேசக் கூடாது." உடனே செயலாளர் நன்றியுரைக்கு ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். வடை வந்துவிட்டது. நான் எழுந்தேன், என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தவள் நீ.

திரும்பும்போது உன்மேலும் எனக்குக் கோபம். உப்பளத்துப் பாதையில் நடந்துகொண்டே கத்தினேன். நீ சொன்னாய்: "அது உடைஞ்ச எண்ணுதான் ஏளா. அவரு மேடையில சொல்லிட்டா ஒட்டிக்கிடுமா?"

எண்ணுக்கு ஒன்றும் ஆகாது, சரி. உனக்கு ஆனது. அந்த வருஷ மலரில் 'சுவையான பிழை' அச்சாயிற்று. நீ கண்ட மிச்சத்தையும் பிழைக்கு உதாரணமாக இலக்கம் விடாமல் போட்டார்கள். ஒன்பதைப் பற்றி நீ கேட்டது மட்டும் அதில் இல்லை. தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு அடுத்த ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. கணக்கை உன்னிடமிருந்து எடுத்து, உனக்கு ஆறாம் வகுப்பைக் கொடுத்தார். "பெத்தவங்க கேள்வி கேப்பாங்கல்லா, நீங்க சங்கடப்படாதீங்க" என்று சிரித்தபடி சொன்னார். ஓய்வு பெறும்வரை நீ பின்னங்களைத்தான் சொல்லிக்கொடுத்தாய். சங்கடப்படாதீங்களாம்.

அடுத்த கோடை விடுமுறையில் நீ தனியாக உட்கார்ந்து, இரண்டுக்குப் பதில் மூன்றை வைத்து முழுக் கணக்கையும் மறுபடி போட்டாய். அப்போதும் ஒன்று வரவில்லை. அதை எழுதி மன்றத்துக்கு அனுப்பினேன். 'காரணிகளை அனுப்பிவைத்தால் பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. வேறு வேறு வருஷங்களில் எழுதினேன். ஆள் மாறியது, பதில் மாறவில்லை.

இந்த வாரம் மலரைக் கையில் எடுத்துக்கொண்டு உன் அண்ணாச்சி மகளிடம் போனேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவையே அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். உன் மூக்கு, உன் அவசரம். காரணியைத் தேடாதே, முதலில் இரண்டின் மிச்சத்தைக் காண் என்றேன். உன் மடிக்கிற வழியைச் சொன்னதும், "அத்த இதைக் கையாலயா போட்டாவ?" என்று கேட்டாள். திரையில் மிச்சம் வந்தது. நான் மலரில் உன் பிழை என்று அச்சிட்டிருந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசித்தேன், அவள் திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தாள். நாம் செய்வோமே, அதே மாதிரி. ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை.

பிழை என்று அவர்களே அச்சடித்து, அவர்களே பாதுகாத்து, பொன்விழாவுக்கு மறு அச்சும் போட்ட எண் நூற்றுக்கு நூறு சரி. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான், வேறு பெயர் வைக்க மாட்டேன்.

பிறகு அவள் காரணிகளையும் எடுத்தாள். டீ ஆறுவதற்குள் இரண்டும் வந்துவிட்டன. சிறியதே ஏழு இலக்கம். நீ கையால் வகுத்துக்கொண்டே போயிருந்தால் ஆயுளுக்கும் தொட்டிருக்க மாட்டாய். இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். அந்தக் காரணிகள் நாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே வெளிநாட்டில் யாரோ கண்டு, எங்கோ ஒரு பட்டியலில் அச்சாகிக் கிடந்தனவாம். உன்னிடம் காரணி கேட்ட அத்தனை பேரில் ஒருவராவது மெட்ராஸில் ஏதாவது பெரிய நூலகத்துக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாம். காரணி வேண்டும் என்று உண்மையாகவே யாரும் நினைக்கவில்லை. நீ உட்கார வேண்டும் என்றுதான் நினைத்தார்கள்.

"இப்பதான் டீச்சர், அத்த சொன்னது நிரூபணமாச்சு" என்றாள் உன் மருமகள். பாவம், அவளையும் கடித்துவிட்டேன். இப்போது இல்லை, அந்தக் கொடியேற்றுக்கு முன்பே நிரூபணம் ஆகிவிட்டது என்றேன்.

நேற்று மன்றத்தின் இப்போதைய செயலாளரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு, விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். "காரணி ரெண்டும் கிடைச்சிட்டுன்னா பிரச்சினையே இல்ல டீச்சர். தாங்க, அடுத்த இதழ்ல போட்டுருவோம். 'பின்னாளில் கணினி மூலம் பகு எண் என அறியப்பட்டது'ன்னு ஒரு வரி" என்றார்.

"பின்னாளில் இல்லை. கணினியும் இல்லை" என்றேன். விதியைப் போடுங்கள், அவள் கண்ட மிச்சத்தைப் போடுங்கள், அது ஒன்று அல்ல, ஆகவே பகு எண் என்று போடுங்கள், இதை இன்னார் கையால் கண்டார் என்று அவள் பெயரைப் போடுங்கள் என்றேன். காரணிகளைத் தர மாட்டேன் என்றேன்.

"காரணி இல்லாமப் போட்டா ஆளாளுக்குக் கேப்பாங்களே டீச்சர்."

"கேட்கட்டும். கேட்கிறவர்களுக்கு அந்த விதியைப் படித்துக் காட்டுங்கள். படித்த பிறகும் கேட்டால் அவர்கள் கணக்கு எடுக்க வேண்டாம்."

அவருக்கு நான் கிறுக்கச்சியாகத் தெரிந்திருப்பேன். வேண்டுமானால் அவரே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். என் கையால் அந்த இரண்டு எண்களும் மன்றத்துக்குப் போகாது. அவை போனால் நீ சொன்னது அதுவரை வெறும் வாய்ப்பேச்சு என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்கட்டும், அடுத்த வாரமும் போவேன், அதற்கடுத்த வாரமும் போவேன்.

காரணிகள் எழுதிய துண்டுத்தாள் என் கைப்பையில் இருக்கிறது. இரண்டும் மனப்பாடமாகிவிட்டன. அவை உடைக்கிற எண்ணைப் பற்றி எல்லாருக்கும் முன்னால் சொன்னவளுக்கு அவற்றைக் கேட்க உரிமை உண்டு. அதனால் சிறியதை மட்டும் உனக்குச் சொல்கிறேன்: இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்று.

பெரியதைச் சொல்லப்போவதில்லை. அதைக் கண்டுபிடிக்கிற சந்தோஷத்தையாவது உன்னிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நீயே வகுத்துப் பார் ஏளா. மிச்சம் வராது.